புல்தரை யாருக்கு? தெற்கு எல்லையில் கால்பந்தும் கிரிக்கெட்டும்

2023 ஜனவரி 15. திருவனந்தபுரம் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் இந்தியா 390 ரன் குவித்துவிட்டு, இலங்கையை 73 ரன்னில் சுருட்டியது. 317 ரன் வித்தியாசம். ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை எந்த அணியும் அத்தனை ரன் வித்தியாசத்தில் வென்றதில்லை. விராட் கோலி ஆட்டமிழக்காமல் 166. ஆனால் தொலைக்காட்சியில் கண்ணை உறுத்தியது காலி இருக்கைகள்தான். ஒருநாள் கிரிக்கெட் சாகிறதா என்று யுவராஜ் சிங்கே ட்விட்டரில் கேட்டுவிட்டார்.

அதற்கு எட்டு மாதங்கள் முன்பு, 2022 மே 2. மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியை ஒட்டிய பய்யநாடு மைதானத்தில் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம். கேரளமும் மேற்கு வங்கமும் மோதின. மறுநாள் நோன்புப் பெருநாள். உலகப் புகழ் பெற்றவர் என்று ஒருவர்கூடக் களத்தில் இல்லை. ஆனாலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் கேரளம் சமன் செய்து, பெனால்டியில் 5-4 என்று வென்றது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்து, ‘கேரளம் கால்பந்து நாடு, அங்கே கிரிக்கெட் எடுபடாது’ என்று கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியானால் 2022 செப்டம்பர் 28 அன்று அதே காரியவட்டத்தில் நடந்ததை எங்கே வைப்பது? தென்னாப்பிரிக்காவுடன் டி20. அர்ஷ்தீப் சிங் பந்தை வளைத்து வளைத்து வீச, எதிரணி 9 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்தபோது, மைதானம் நிரம்பி வழிந்தது. நான்கு மாத இடைவெளியில் ஊரும் மைதானமும் மாறவில்லை. கூட்டம் மட்டும் மாறியது.

கன்னியாகுமரி மாவட்டத்து எல்லையோர ஊர்களான களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ இருந்து பார்ப்பவருக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அவருக்குச் சேப்பாக்கம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். காரியவட்டம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். எந்த ஆட்டம் ‘நம் ஆட்டம்’ என்ற கேள்விக்கு மாநில வரைபடம் அவருக்கு விடை தராது.

முதலில் சொற்கள்

ஒரே குடும்பத்தில் பிறந்து, தனி விதிப்புத்தகமும் தனிச் சங்கமும் வைத்துக்கொண்டு பிரிந்துபோன ஆட்டங்களை ‘ஆட்டமுறைகள்’ என்று அழைக்கலாம். இங்கிலாந்தில் ‘ஃபுட்பால்’ என்ற ஒரு பெயரில் பள்ளிக்கொரு ஆட்டம் இருந்தது. 1863இல் லண்டனில் அமைந்த கால்பந்துச் சங்கம், பந்தை ஏந்திக்கொண்டு ஓடக்கூடாது என்றது. ஏந்தி ஓடுவதையே விரும்பியவர்கள் 1871இல் ரக்பி சங்கம் அமைத்தார்கள். ஆட வந்ததால் இழந்த கூலிக்கு ஈடு தர வேண்டுமா என்ற சண்டையில் 1895இல் ரக்பியே இரண்டாக உடைந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1859இல் மெல்போர்னில் ஒரு கிளப் தனக்கென விதி எழுதிவிட்டது. அதுதான் இன்றைய ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து.

இதன் விளைவை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். மெல்போர்ன், அடிலெய்டு, பெர்த் ஒரு பக்கம். ரக்பி ஊர்களான சிட்னியும் பிரிஸ்பேனும் மறுபக்கம். நடுவே ஓடும் கற்பனைக் கோட்டுக்கு ரான் பராசி என்ற ஆட்டக்காரரின் பெயரைச் சேர்த்து, ‘பராசி கோடு’ என்று 1978இல் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் பெயர் வைத்தார். கோட்டின் இருபுறமும் ஆட்டமுறைகள் போட்டியிடுவது மூன்றே பொருள்களுக்குத்தான்: மக்கள் ஓய்வாக இருக்கும் நாள், ஆடுவதற்கான நிலம், அடுத்த தலைமுறைச் சிறுவர்கள். ரசிகர்களின் பாசம் இந்த மூன்றையும் பின்தொடர்ந்து வருவது.

கால்பந்தும் கிரிக்கெட்டும் ஒரு குடும்பம் அல்ல என்று இலக்கணம் பேசுவோர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் நாள், நிலம், சிறுவர் என்ற கணக்கு இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

நம் பக்கத்துக் கோடு எங்கே ஓடுகிறது?

மாநில எல்லையில் அல்ல. களியக்காவிளை சோதனைச்சாவடிக்கு வடக்கே கால்பந்து, தெற்கே கிரிக்கெட் என்று யாராவது வரைந்தால், அவர் கடற்கரைக்குப் போனதில்லை என்று பொருள். இங்கே கோடு கடலுக்கும் மேட்டுக்கும் இடையில் ஓடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டுக் கடற்கரை ஊர்கள் தொடர்ந்து கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று இவை தமிழ்நாட்டோடு சேர்ந்தன. திருச்சபை நிர்வாகத்தில் மட்டும் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன. நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். அதுவும் பந்தாட்டத்துக்குப் பேர்போன மீனவர் ஊர். எல்லைக் கல்லைப் பந்து பொருட்படுத்துவதில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மணலைப் பார்த்தால் போதும். மாலை வெயில் தாழ்ந்ததும் அலைத்தடுப்புக் கற்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே கிடைக்கும் துண்டு மணலில் பையன்கள் இறங்குவார்கள். இரண்டு கம்பு நட்டால் கோல். ஒரு பக்கம் வலை காயும். பந்து அதில் விழுந்தால் மடிகளை விலக்கி எடுப்பதற்குள் வலைக்காரரின் வசவு வந்து சேரும். மறுபக்கம் கடல், பந்தை உதைத்தவனே நீந்திப் போய் எடுத்துவர வேண்டும். இந்த மணலில் கிரிக்கெட் பந்து எழும்பாது, விழுந்த இடத்திலேயே புதைந்துபோகும். மட்டைக்காரனுக்கு வேலையே இல்லை. கால்பந்துக்கு அதே மணல் பயிற்சிக்கூடம்: கால் புதையப் புதைய ஓடியவன் புல்தரைக்குப் போனால் பறப்பான்.

கடற்கரையை விட்டு நான்கைந்து கிலோமீட்டர் உள்ளே வந்தால் காட்சி மாறுகிறது. விளவங்கோடு பக்கம் மேடும் சரிவும் ரப்பர் தோட்டமும். சமதரை என்பது பள்ளி மைதானம், அறுவடை முடிந்த வயல், அல்லது வண்டி அதிகம் வராத தார்ச்சாலை. மூன்றிலும் டென்னிஸ் பந்து நன்றாக எழும்பும். இருபத்திரண்டு பேர் ஓடுவதற்கு இடம் இருக்காது. ஒருவன் வீச ஒருவன் அடிக்க இடம் இருக்கும். அங்கே கிரிக்கெட் வேர்பிடித்ததற்குத் தொலைக்காட்சி பாதிக் காரணம் என்றால் நிலம் மறுபாதி.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கோடு இன்னும் மங்கல். 2018-19 ஐ-லீக் கால்பந்துக் கோப்பையை வென்ற அணியின் பெயர் சென்னை சிட்டி; ஆனால் அது சொந்த ஆட்டங்களை ஆடியது கோயம்புத்தூர் நேரு மைதானத்தில், பாலக்காட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில்.

‘பிரபலம்’ என்பதை எதைக் கொண்டு அளப்பது?

விவாதங்கள் தடுமாறுவது இங்கேதான். ஒருவர் ஒரு தராசில் நிறுக்கிறார், மற்றவர் வேறொன்றில். தராசுகள் குறைந்தது நான்கு.

1. வாசல் கூட்டம். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள். இது ஆட்டத்தின் மீதான அன்பை மட்டும் காட்டுவதில்லை; விலை, நாள், போக்குவரத்து எல்லாம் கலந்த தொகை. காரியவட்டத்தின் அந்தக் காலி இருக்கைகளை இப்படிப் பிரித்துப் பாருங்கள். டிக்கெட் விலை மேல்தளத்துக்கு 1,000 ரூபாய், கீழ்த்தளத்துக்கு 2,000, வரி தனி. கேளிக்கை வரியை 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்த்தியதை எதிர்த்துக் கூச்சல் எழுந்தபோது, பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போக வேண்டியதில்லை என்ற தொனியில் விளையாட்டு அமைச்சர் பேசி எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். தொடர் ஏற்கெனவே 2-0 என்று முடிவாகியிருந்தது. போதாக்குறைக்கு அன்று பொங்கல். பானை பொங்கும் நாளில் எல்லையின் தெற்கிலிருந்து எத்தனை பேர் பஸ் ஏறியிருப்பார்கள்? இத்தனையும் சேர்ந்த விளைவை ‘கேரளத்துக்குக் கிரிக்கெட் பிடிக்காது’ என்று படிப்பது சோம்பேறித்தனம்.

2. திரைப் பார்வை. வீட்டிலும் கைப்பேசியிலும் பார்ப்பவர்கள். நாடு முழுக்க எடுத்தால் கிரிக்கெட்டுக்கு நிகரில்லை. கேரளத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து வரும் மாதத்தில் மட்டும் கதை வேறு. 2022இல் கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு முப்பது அடிக் கட்அவுட் வைக்க, நெய்மார் ரசிகர்கள் நாற்பது அடிக்கு வைக்க, அந்தப் படத்தை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே உலகுக்குப் பகிர்ந்தது. ஆனால் இந்த மோகம் இந்தியக் கால்பந்தின் மீதானது அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பெரிய பிழை.

3. பணம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம் என்று கணக்கிட்டால் ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் தன் வணிக உரிமைகள் மொத்தத்தையும் பதினைந்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தது 700 கோடிக்கு. அதாவது ஆறு ஐபிஎல் ஆட்டத்தின் ஒளிபரப்புத் தொகை, பதினைந்து ஆண்டு தேசியக் கால்பந்தின் விலை. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதற்குள் புதியது கையெழுத்தாகாததால், 2025 ஜூலையில் நாட்டின் முதன்மைக் கால்பந்து லீகான ஐஎஸ்எல் தொடரே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு விட்ட டெண்டருக்கு ஒருவரும் வரவில்லை.

4. வேர். கட்டணம், கேமரா எதுவும் இல்லாமல் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது. மலபாரின் ‘செவன்ஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அணிக்கு ஏழு பேர், ஒரு மணி நேர ஆட்டம், அறுவடை முடிந்த வயலில் இரவு விளக்கு, கமுகும் மூங்கிலும் கட்டிய கேலரி. ஃபிஃபாவின் அங்கீகாரம் இதற்கு இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து பருவம் முழுக்கத் தங்கி ஆடுகிறார்கள். ஆபத்தும் கூடவே உண்டு: 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணியில், களத்திலேயே உயிர்விட்ட ஓர் ஆட்டக்காரரின் குடும்பத்துக்கு நிதி திரட்ட நடந்த ஆட்டத்தில் தற்காலிக கேலரி சரிந்து பலர் காயமடைந்தார்கள்.

இரண்டாவது, மூன்றாவது தராசுகளில் கிரிக்கெட்டை அசைக்க முடியாது. நான்காவதில் வடகேரளமும் தென்கடற்கரையும் கால்பந்தின் கையில். முதல் தராசு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ‘எது பிரபலம்’ என்ற சண்டையில் எல்லோரும் வென்றதாக நினைப்பது இதனால்தான்.

உண்மையான மோதல்: கொச்சி, 2018

ரசிகர்கள் மோதிக்கொள்வது அரிது. எல்லையோரத்தில் கொச்சிக் கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையும் சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையும் ஒரே கொடியில்தான் காய்கின்றன. மோதல் வருவது, ஒரு மைதானத்தை இரண்டு சங்கங்கள் கேட்கும்போது.

கொச்சி கலூர் ஜவாஹர்லால் நேரு மைதானம் 1990களில் இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவாக எழுந்தது. 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியதும் பிளாஸ்டர்ஸ் அங்கே குடியேறியது. முதல் பருவத்திலேயே சராசரியாக 49,000 பேர் அளவுக்குக் கூட்டம். 2017 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக ஃபிஃபா தரத்தில் புதுப் புல் போடப்பட்டது. ஐந்து மாதம் கழித்து, 2018 மார்ச்சில், அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நடக்கவிருந்த இந்தியா–மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தை அங்கே நடத்தக் கேரள கிரிக்கெட் சங்கம் முனைந்தது. புல்லைத் தோண்டித்தான் கிரிக்கெட் பிட்ச் போட முடியும் என்றதும் கேரளமே கொதித்தது. சுனில் சேத்ரி, சி.கே. வினீத் முதலான கால்பந்துக்காரர்கள் எதிர்த்தது எதிர்பார்த்ததுதான். சச்சின் டெண்டுல்கரும் புல்லைக் காப்பாற்றுங்கள் என்றார்! அப்போது அவர் பிளாஸ்டர்ஸின் பங்குதாரர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இது வெறும் பிடிவாதமா? இல்லை. இரண்டு தரைகளும் ஒன்றுக்கொன்று பகை.

1. கிரிக்கெட் பிட்ச் சுமார் 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். களிமண்ணை நீர்விட்டு, உருளையால் நாள்கணக்கில் அழுத்தி இறுக்குவார்கள். இறுகினால்தான் பந்து எழும்பும்.

2. அந்தக் களிமண் துண்டு விழும் இடம் கால்பந்து மைதானத்தின் நடுவட்டம். 105-க்கு 68 மீட்டர் களத்தில் பந்து அதிகம் உருளும் பகுதி அது. ஈரமும் மென்மையும் சீரான புல்லும் வேண்டிய இடத்தில் சிமெண்ட் திண்ணைபோல ஒரு பட்டை. ஆணி பதித்த காலணி வழுக்கும், மூட்டு திருகும்.

3. பட்டையைப் பெயர்த்துவிட்டுப் புல் பதிக்கலாம். வேர் இறங்கி இறுகுவதற்கு வாரங்கள் ஆகும். ஐஎஸ்எல் அட்டவணை அதுவரை காத்திருக்காது.

4. பிட்சை வெளியே பெரிய தட்டில் வளர்த்து, ஆட்டத்துக்கு முன் கிரேன் வைத்து இறக்கும் முறை ஆஸ்திரேலியாவில் 1970களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மெல்போர்னில் கிரிக்கெட்டும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தும் இன்று ஒரே மைதானத்தில் வாழ்வதற்கு அது உதவுகிறது. பல டன் எடை, தனிக் கருவிகள், தனி ஆட்கள். நம் மைதானக் குழுக்களிடம் அந்தப் பேச்சே எழுவதில்லை.

5. இருக்கைகளுக்கும் இதே சிக்கல். கிரிக்கெட்டின் வட்டத்துக்கு ஏற்பக் கட்டினால் கால்பந்து ரசிகர் கோல் கம்பத்தை வெகுதூரத்தில் பார்க்கிறார்.

கடைசியில் அரசு தலையிட, ஆட்டம் காரியவட்டத்துக்கு மாறியது. மேற்கிந்தியத் தீவுகள் 104 ரன்னில் சுருண்டு, மதிய உணவு செரிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. (நவம்பர் 1 கேரளம் பிறந்த நாள், குமரி மாவட்டத்துக்கோ கேரளப் பகுதியிலிருந்து பிரிந்துவந்த நாள். எல்லையில் இருப்பவர்கள் எந்த விழாவை விட்டு எந்த விழாவுக்குப் போவது?)

காரியவட்டத்துக்கும் ஒரு முற்பிறவி உண்டு. 2015 தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட அந்த மைதானத்தில்தான் 2016 ஜனவரி 3 அன்று இந்தியா, கூடுதல் நேரத்தில் சேத்ரி அடித்த கோலால் ஆப்கானிஸ்தானை வென்று தெற்காசியக் கால்பந்துக் கோப்பையைத் தூக்கியது. கொச்சியில் கால்பந்து ஒரு மைதானத்தை வென்றது, திருவனந்தபுரத்தில் ஒன்றை இழந்தது. உண்மையில் அது ஒரு பண்டமாற்று.

பண்டமாற்று நடந்த பிறகு சண்டை ஓய்ந்ததையும் கவனிக்க வேண்டும். 2024 செப்டம்பர் 2 அன்று கேரள கிரிக்கெட் லீக் காரியவட்டத்தில் தொடங்கியது. ஐந்தே நாளில், செப்டம்பர் 7 அன்று, சூப்பர் லீக் கேரளா என்ற கால்பந்துத் தொடர் கொச்சியில் தொடங்கியது. ஒரே மாதம், இரண்டிலும் ஆறு ஆறு அணிகள். திருவனந்தபுரத்தின் கால்பந்து அணி நகருக்குள் உள்ள சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் ஆடியது. தனித்தனி நிலம் கிடைத்ததும், ஒரே ஊர் இரண்டையும் பார்த்தது.

தேசம் ஏன் கிரிக்கெட் பக்கம் சாய்ந்தது?

சுருக்கமாகச் சொல்லலாம், பலமுறை சொல்லப்பட்ட கதை. 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் கால்பந்துத் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்று நின்ற நாட்டில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி இல்லை. தொலைக்காட்சி பரவத் தொடங்கிய நேரத்தில், 1983இல், கிரிக்கெட் உலகக் கோப்பை வந்தது. ஒளியலைகள் பொதுச்சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே ஒரு கிரிக்கெட் சங்கம் தொடர்ந்த வழக்குதான். அதன் பிறகு உரிமையை விற்கும் கலையைக் கிரிக்கெட் வாரியம் கற்றுக்கொண்டது. ஓவருக்கு ஓவர் விளம்பரம் நுழைய இடம் தரும் ஆட்டம் அது. கால்பந்து நாற்பத்தைந்து நிமிடம் மூச்சுவிடாது. இதில் மக்களின் ரசனைக்குப் பங்கு உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு.

எல்லைச் சிறுவனுக்கு இதனால் என்ன?

முதல் விளைவு பதிவு. மாநில அணிக்கு ஆட வேண்டுமானால் மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நீரோடிப் பையன் தமிழ்நாட்டுக்கு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பொழியூர்ப் பையன் கேரளத்துக்கு. ஒரே மணலில் வளர்ந்த இருவர் சந்தோஷ் கோப்பையில் எதிரெதிரே நிற்கலாம்.

இரண்டாவது, மேலே ஏறும் ஏணி. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று ஏறி 2019இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆனால் லீக் நின்றால் ஏணியின் மேல்படி காணாமல் போகிறது. கிரிக்கெட்டில் அந்தப் பயம் இல்லை. விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கத்துப் புல்லுவிளையைச் சேர்ந்த சஞ்சு சாம்சனின் தந்தை டெல்லி போலீஸ் அணிக்கு ஆடிய கால்பந்துக்காரர். மகன் மட்டையைப் பிடித்தார். 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் கொடுத்துச் சென்னை அவரை வாங்கியது. ஒரே வீட்டில், ஒரே தலைமுறை இடைவெளியில், கோடு இடம் மாறியிருக்கிறது.

மூன்றாவது விளைவில் இரண்டு சங்கங்களுக்கும் பங்கில்லை. நீரோடியிலிருந்து பொழியூர் வரை கடலரிப்பு வீடுகளையும் சாலையையும் தின்றுகொண்டிருக்கிறது. அலையைத் தடுக்கக் கொட்டும் ஒவ்வொரு கல்வரிசைக்குப் பின்னாலும், பையன்கள் கம்பு நடும் மணல் இன்னும் சில அடி குறைகிறது. சில இடங்களில் இப்போதே ஒரு பக்கத்துக் கோலுக்குத்தான் இடம் இருக்கிறது. இரு அணிகளும் அதே கம்புகளை நோக்கி மாறி மாறி அடிக்கின்றன.